கணக்குப் போட்டு ஆடியும் தோற்கிறேன்

கேள்வி:

வணக்கம் மேடம். நான் போக்கர் என்னும், பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம் ஆடுகிறேன். சூதாடி என்று நினைத்துவிடாதீர்கள், கணக்குப் போட்டு ஆடுகிறவன். சில மாதங்களாகக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டுவதே இல்லை. போன வாரம் என் கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். இருந்த பணம் முழுவதும் நடுவில். கடைசிச் சீட்டாக ஒரு கிங் விழுந்து, மூன்று கிங்கோடு அவன் ஜெயித்துவிடுகிறான்! இப்படி ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஆடத் தெரியாதவனெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறான். உடனே டில்ட் ஆகி, அதாவது ஆத்திரத்தில் நிதானம் இழந்து, தொடவே மாட்டேன் என்றிருந்த பெரிய பந்தய மேசையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அப்புறம் தூக்கம் ஏது? முன்பெல்லாம் ஒவ்வொரு ஆட்டத்தின் வரவு செலவையும் நோட்டில் எழுதுவேன். இப்போது எழுதுவதில்லை, மனைவி கண்ணில் பட்டால் வீண் பேச்சு. அதை விடுங்கள். அந்தக் கிங் எனக்கு எதிராகவே ஏன் விழ வேண்டும்? மனதைக் கல்லாக்கிக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கிங் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு கிங்கை எதிர்த்து இரண்டு ஏஸ் நூற்றில் சுமார் 18 முறை தோற்கும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வலிக்கிறது, சரி. சீட்டுக்கு ஆள் தெரியாது.

நான் நின்றது அந்த நோட்டில். நல்ல ஆட்டக்காரருக்கும் நீண்ட தோல்விக் காலம் வரும். ஆனால் உங்களுடையது அதிர்ஷ்டக் குறைவா, ஆட்டமே கெட்டுவிட்டதா என்று சொல்ல அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. கணக்குப் போட்டு ஆடுகிறவர் அதைத்தான் மூடி வைத்திருக்கிறார். வீண் பேச்சு என்கிறீர்களே, நோட்டைப் பார்த்தால் உங்கள் மனைவி என்ன கேட்பார்? எவ்வளவு போயிற்று, எங்கிருந்து எடுத்தீர்கள் என்பார். இதில் வீண் எது? நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளாமல் தள்ளிப்போடும் கேள்விகள்தான் அவை. இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

சூதாட்டம் எல்லை மீறுகிறதா என்று பார்க்க 1990களிலிருந்து எங்கள் மனநலத் துறையில் ஒரு குட்டி வினாத்தாள் உண்டு. இரண்டே கேள்வி. மேலும் மேலும் பணம் வைக்கத் தோன்றியதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்று வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலே உட்கார்ந்து பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் பெரிய மேசையும் இருக்கிறது, நோட்டைப் பற்றிய பயமும் இருக்கிறது. உங்கள் மீது முத்திரை குத்தவில்லை. ஆனால் மனதைக் கல்லாக்கும் வித்தையை இப்போது சொல்லிக்கொடுத்தால், நீங்கள் இன்னும் நிம்மதியாகத் தோற்கத்தான் அது உதவும்.

இப்போதைக்கு ஆட்டத்தை நிறுத்துங்கள். வங்கிக் கணக்கைத் திறந்து, விட்டுப்போனதையெல்லாம் நோட்டில் ஏற்றுங்கள். பிறகு மனைவியிடம் கொடுங்கள். திட்டு விழும், விழட்டும். கொடுக்கக் கை வரவே இல்லை என்றால், போதைப் பழக்கங்களுக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். அடுத்த ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.