"இது சுருக்கம், சுயசிந்தனை அல்ல" என்று திரும்பி வந்த கட்டுரைக்கு

நீங்கள் எழுதிய சுயசிந்தனைக் கட்டுரை (சொந்த அனுபவத்தில் கற்றதை அலசும் கட்டுரை) வெறும் பாடச் சுருக்கம் என்று திரும்பி வந்துவிட்டது, எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம், முக்கால்வாசியை வெட்டுங்கள். சுகாதாரத் தொடர்பியல் (நோயாளிகளிடம் பேசிப் புரியவைக்கும் கலை) வகுப்பில் நீங்கள் தடுமாறிய ஒரே ஒரு தருணத்தை வைத்து மறுபடி எழுதுங்கள்.

அந்தத் தருணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வகுப்புப் பயிற்சியில் நீங்கள் மாத்திரை போடும் முறையை விளக்கியதும், நோயாளியாக நடித்த தோழி "புரிந்தது" என்று தலையாட்டினார். மாத்திரையை எப்போது போடுவீர்கள் என்றதும் தவறாகச் சொன்னார். இதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்ல யாருக்கும் கூச்சம். அதனால்தான் "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்கும் முறை இருக்கிறது. அது சோதிப்பது கேட்டவரை அல்ல, விளக்கியவரை. இது உங்களுக்கு எப்போது உறைத்தது? உண்மையில் எனக்கு அதைப் படிக்கத்தான் ஆசை.

கட்டுரை சுருக்கமாகிப் போனதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்: சுயசிந்தனை எழுத கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் 1988-இல் தந்த ஆறு படிகளையும் வரிசையாக நிரப்பப் பார்த்திருப்பீர்கள். முதல் படியான விவரிப்பே பக்கங்களை விழுங்கிவிடும்.

ஒரு சோதனை: பக்கத்து இருக்கை மாணவரும் எழுதியிருக்கக்கூடிய வரிகளை அடிக்கோடிடுங்கள். பாதிக்கு மேல் கோடு விழுந்தால் அது இன்னும் பாடக்குறிப்புதான்.

ஆனால் மதிப்பெண் அந்த ஆறு படிகளின் தலைப்புகளுக்கும் தனித்தனியாக என்றால் தலைப்புகளை விட்டுவிடாதீர்கள். நீளத்தை மட்டும் மாற்றுங்கள். உண்மையான நோயாளியைப் பற்றி எழுதுவதானால், ஆளை அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம்.