20 நகரங்களில் 14-க்குச் சூழல் செயல்திறன் 1 என வருவது பற்றி

சீனாவின் 20 வளம்சார் நகரங்களை (எண்ணெய், நிலக்கரி போன்ற இயற்கை வளங்களை நம்பியவை) டிஇஏ முறையில், அதாவது உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் ஒப்பிட்டு 1 வரை மதிப்பெண் தரும் தரவு உறைப் பகுப்பாய்வில், கணக்கிட்டு, 14 நகரங்கள் 1 பெற்றதால் அவற்றை எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறீர்கள். அந்த 14 நகரங்களைத் தரவரிசைப்படுத்த, காவோரு டோனே 2002-இல் முன்வைத்த மீச்செயல்திறன் எஸ்பிஎம் மாதிரியை (உள்ளீட்டு மிகையையும் வெளியீட்டுக் குறையையும் நேரடியாக அளப்பது), மாசு உமிழ்வை விரும்பத்தகாத வெளியீடாகக் கொள்ளும் வடிவில் இயக்குங்கள். சாதாரண டிஇஏ-வில் 1-இல் முட்டி நிற்கும் மதிப்புகள் அதில் 1-ஐத் தாண்டிப் பிரியும்.

ஆனால் இத்தனை நகரங்கள் 1 பெறுவதற்குக் காரணம் மாறிகளின் எண்ணிக்கையாகவே இருக்கக்கூடும். உழைப்பு, மூலதனம், ஆற்றல், நீர் என 4 உள்ளீடுகளும், உள்நாட்டு உற்பத்தி, கந்தக டை ஆக்சைடு, கழிவுநீர், தூசி என 4 வெளியீடுகளும் எடுத்திருக்கிறீர்கள். மாறிகளின் மொத்தத்தைப் போல மூன்று மடங்கு நகரங்களாவது தேவை என்பது நடைமுறை விதி. அதன்படி 24 வேண்டும். மூன்று மாசுகளையும் என்ட்ரோபி முறையில் (நகரங்களிடையே அதிகம் வேறுபடும் மாசுக்கு அதிக எடை தருவது) எடையிட்டு ஒரே குறியீடாக்கினால் 18 போதும். அப்படி மீண்டும் கணக்கிட்டு, 1 பெறும் நகரங்கள் குறைகின்றனவா என்று பாருங்கள்.

சீன அரசின் 2013-ஆம் ஆண்டுத் திட்டம் 262 வளம்சார் நகரங்களை வளரும், முதிர்ந்த, நலிந்த, மீளும் என நான்காகப் பிரிக்கிறது. எண்ணெய் நகரமான டாச்சிங்கையும் நிலக்கரி வற்றிய ஃபூஷினையும் ஒரே எல்லைக்கோட்டில் (முன்னணி நகரங்கள் அமைக்கும் ஒப்பீட்டுக் கோட்டில்) நிறுத்தினால், எண்ணெய் விலை உயர்வுகூடச் செயல்திறனாகத் தோன்றும். ஆகவே நிலையான விலையில் (ஓர் அடிப்படை ஆண்டின் விலையில்) உற்பத்தியைக் கணக்கிடுங்கள். மதிப்பு 1 என்பது ஒப்பிட்ட நகரங்களுக்குள் முன்னணி என்பதையே காட்டும், அங்கே காற்றும் நீரும் தூய்மை என்பதை அன்று.