நேர்க்கோட்டில் நாலு கிலோமீட்டர், நடையில் எவ்வளவு?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து நான்கு நண்பர்கள் போகிறோம். ஜவ்வாது மலைக் காட்டுக்குள் ஒரு ஏரி இருப்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தோம். அமிர்தி பக்கத்துச் சாலையிலிருந்து நேர்க்கோட்டில் நாலு கிலோமீட்டர்தான். பாதை எதுவும் தெரியவில்லை. காலையில் ஏறி மாலைக்குள் திரும்ப முடியுமா?

பதில்: முடியலாம். ஆனால் முதல் நடை வனச்சரக அலுவலகத்துக்கு. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, அது நியாயமும்கூட. பிப்ரவரிக்கு மேல் புல் காய்ந்து தீப்பருவம் தொடங்கிவிடும், அப்போது அனுமதி கேட்கவே வேண்டாம். அந்த ஏரிக்கு அனுமதி இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற மலையேற்றத் திட்டம் இருக்கிறது, பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டமும் அதில் உண்டு.

அனுமதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்த படம் எந்த மாதத்தில் எடுத்தது? ஜனவரியில் நீலமாகத் தெரியும் ஏரி, ஏப்ரலில் வெடித்த சேறாக இருக்கும். டிசம்பர், ஜனவரிதான் சரியான நேரம்.

அப்புறம் அந்த நாலு கிலோமீட்டர். பாறையைச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி ஏறினால் அது ஆறு, ஏழு ஆகிவிடும். நல்ல பாதையில் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடப்பவர், உண்ணிச்செடிப் புதருக்குள் ஒன்றரை தாண்டினால் பெரிய விஷயம். அப்படியானால் போகவே நாலரை மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். ஏரி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி, பகல் பன்னிரண்டு ஆனதும் திரும்பிவிடுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பள்ளத்துக்குள் ஐந்துக்கே மங்கும்.

வழி தவறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஏறும்போது கிளை முகடுகள் எல்லாம் மேலே ஒன்றாகச் சேரும், எதைப் பிடித்தாலும் உச்சி வந்துவிடும். இறங்கும்போது அதே முகடு இரண்டாகப் பிரியும், கொஞ்ச தூரத்தில் மறுபடி பிரியும். ஒரு பிரிவில் தவறினால் போதும், வண்டி நிறுத்திய இடத்துக்கு இரண்டு பள்ளம் தள்ளி இறங்கியிருப்பீர்கள். அதனால் ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் நின்று, பின்னால் திரும்பி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, நடந்த வழியைப் பதிவு செய்யுங்கள்.

‘கானாற்றைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும்’ என்பார்கள். நானும் ஒருமுறை நம்பினேன். ஒன்றரை மணி நேரம் பாறை பாறையாக இறங்கி, கடைசியில் ஐம்பது அடிச் செங்குத்தின் விளிம்பில் போய் நின்றேன். பீமன்மடுவும் ஜலகாம்பாறையும் அருவிகளாக இருப்பதே இந்தப் பக்கத்து ஓடைகள் திடீரென்று விழுவதால்தான். இறக்கத்தில் முகட்டை விடாதீர்கள்.

மலை கிராமத்திலிருந்து மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். கரடி இருக்கும் புதர் எது என்று போனுக்குத் தெரியாது. அவர் நில்லுங்கள் என்றால் நின்றுவிடுங்கள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், முழுக்கால் பேண்ட், ஷூ, டார்ச். சாப்பாட்டுக்குப் புளிசாதம் போதும்.

திரும்பி வந்ததும் துணியை வெந்நீரில் போட்டு, நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். புதர்ச் சிற்றுண்ணியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வேலூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல, மழைக்காலமும் பனிக்காலமும்தான் அதன் பருவம். கடித்தது அப்போது தெரியாது. மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை பதியும் இடம் எல்லாம் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அது கண்ணில் படாவிட்டாலும், காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.