கேள்வி – பதில்: ஐ5 பெரிதா, ஸ்கிரீன் பெரிதா?

கேள்வி: மகள் யாழ் கம்பஸில் முகாமைத்துவம் படிக்கிறாள், முதலாம் வருடம். வீட்டில் இருக்கும் பழைய லாப்டொப்பில் கொஞ்ச நேரம் நோட்ஸ் வாசித்தாலே கண் எரிகிறது, தலையிடிக்கிறது என்கிறாள். ஒன்றரை இலட்சம் ரூபா வரை ஒதுக்கி வைத்திருக்கிறோம். கஸ்தூரியார் வீதியில் இரண்டு கடைகளில் விசாரித்தோம். ஒன்றில் ஐ5, 8 ஜீ.பி. ராம், 15.6 இஞ்ச் எச்.டி. ஸ்கிரீன். மற்றதில் ஐ3, அதே 8 ஜீ.பி., 15.6 இஞ்ச் ஃபுல் எச்.டி., ஐ.பி.எஸ். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐ5 தானே பெரிது, அதையே எடுப்போம் என்று இவர் நிற்கிறார். – ஒரு தாய், கோண்டாவில்

பதில்: ஐ3 இருக்கிறதை எடுங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், நான் சமாளிக்கிறேன்.

ஐ3, ஐ5 என்பவை இன்ரெல் கொம்பனியின் சிப் வரிசைகள். ஐ5 என்ற பெயர் மட்டும் ஒன்றையும் சொல்லாது. அது எத்தனையாவது தலைமுறை என்று கேட்டீர்களா? 12ஆம் தலைமுறை ஐ3-1215யு என்ற சிப்பில் 6 கோர், அதாவது வேலை செய்கிற 6 மூளை, இருக்கிறது. பழைய ஐ5 பலவற்றில் 4தான். இன்ரெலின் போட்டிக் கொம்பனியான ஏ.எம்.டி. பக்கமும் இதே விளையாட்டு உண்டு: ரைசன் 5 7520யு என்ற பெயரில் 7ஐப் பார்த்து ஆள் புதுசு என்று நினைப்போம், உள்ளே இருப்பது பழைய ஸென் 2 வடிவமைப்பு, 4 கோர். வேர்ட், எக்ஸெல், பிடிஎஃப், ஸூம், இருபது டாப் திறந்த குரோம், இவ்வளவுதான் மகளின் வேலை என்றால் இரண்டு கடைச் சாமானும் அதைச் செய்யும். புதிய லாப்டொப்பில் ஒரே விலைக்கு ஐ5 தருகிறார்கள் என்றால் வேறு எங்கோ கை வைத்திருக்கிறார்கள், அந்தக் கை பெரும்பாலும் ஸ்கிரீனில்தான் இருக்கும், ஏனென்றால் விளம்பரத்தில் யாரும் அந்த வரியை வாசிப்பதில்லை.

எச்.டி. என்று கடையில் சொல்வது 1366 × 768. மொத்தம் பத்தரை இலட்சம் புள்ளிகள். ஃபுல் எச்.டி. 1920 × 1080, அதாவது இருபது இலட்சத்துக்கு மேல். இரண்டும் அதே 15.6 இஞ்ச் பரப்பில் பரவும்போது முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளி, இரண்டாவதில் 141. இங்கிலிஷ் எழுத்து 100இலும் ஒப்பேறிவிடும். தமிழுக்குத்தான் கஷ்டம். ண, ன இரண்டின் சுழியும், மெய்யெழுத்தின் மேல் இருக்கிற புள்ளியும், கி, கீ வித்தியாசமும் சின்ன எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கரைந்துவிடும், கண் ஊகித்து ஊகித்து வாசிக்கும். அந்த ஊகிப்பும் ஒரு களைப்புத்தான். ஃபுல் எச்.டி.யில் எழுத்து சின்னதாகத் தெரிகிறதே என்று சிலர் முறைப்பாடு சொல்வார்கள். வின்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் ஸ்கேலிங்கை 125 அல்லது 150 வீதத்துக்கு வைத்தால் போதும், எழுத்து பெரிதாகவும் இருக்கும் கூர்மையாகவும் இருக்கும். ரெசலூஷனைக் குறைக்க வேண்டாம், அது மங்கலாக்கும்.

அடுத்தது ஐ.பி.எஸ்., அது ஸ்கிரீன் பனலின் ஒரு வகை. மலிவான எச்.டி. ஸ்கிரீன்கள் அநேகமாக ரி.என். என்ற வேறு வகை. நேரே பார்த்தால் சரி, கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் மேல்பாதி கறுக்கும், கீழ்ப்பாதி வெளுக்கும். எச்.பி. விபரத்தாளில் எஸ்.வி.ஏ. என்று போட்டிருந்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான், புதுத் தொழில்நுட்பம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஐ.பி.எஸ். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது.

பிறகு வெளிச்சம். விபரத்தாளில் நிட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 220 என்றால் விட்டுவிடுங்கள், 250 அறைக்குள் போதும், 300 கிடைத்தால் விறாந்தையில் இருந்தும் படிக்கலாம். நம்முடைய வெயிலுக்கு முற்றத்து மாமரத்தின் கீழே 300உம் காணாது, அது வேறு கதை. 45 வீதம் என்.ரி.எஸ்.சி. என்று இன்னொரு வரியும் இருக்கும், அது நிறத்தின் அளவு. இந்த விலையில் அநேகமாக எல்லாமே அந்த 45தான், படிப்புக்குப் பிரச்சினை இல்லை. மகள் டிசைன், போட்டோ எடிட்டிங் என்று இறங்கினால்தான் யோசிக்க வேண்டும். மேற்பரப்பு ஆன்டி கிளேர், அதாவது மினுக்கம் இல்லாததாக இருக்கட்டும். ஜன்னலும் ரியூப் லைற்றும் முகமும் எல்லாம் தெரிகிற ஸ்கிரீனில் பாடம் வாசிக்க முடியாது.

கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் வழக்கமாக வாசிக்கிற தமிழ் பிடிஎஃப் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு. கடையில் ஓடவிட்டிருக்கும் நிறமான வீடியோவில் எந்த ஸ்கிரீனும் அழகுதான். வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தைத் திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் வாசிக்கட்டும். பிறகு வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு போன் கமராவால் பாருங்கள். ஸ்கிரீனில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது வெளிச்சத்தைக் குறைப்பதற்காக விளக்கை வேகமாக அணைத்து ஏற்றுகிறது என்று அர்த்தம். எல்லாருக்கும் அது தெரியாது, ஆனால் தலையிடிக்கிற ஆட்களில் சிலருக்கு அதுதான் காரணம். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தலையிடி இருப்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ராம் குறைந்தால் பல மொடல்களில் பிறகு போடலாம், கோப்புகளைச் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. சின்னதென்றால் மாற்றலாம். ஸ்கிரீனை மாற்றுவது சில மொடல்களில் முடியும்தான், ஆனால் பொருத்தமான பனல் தேடி, கேபிள் சரிவருமா என்று பார்த்து, கூலியும் கொடுத்து முடிக்கும்போது ஏன் இந்த வேலை என்று இருக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன். வாங்குவதற்கு முன்னர் மகளின் கண்ணையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். கண்ணாடி போட வேண்டிய கண்ணுக்கு எந்த ஸ்கிரீனும் தலையிடிதான்.

கேள்வி: என்னிடம் எண்பதாயிரம்தான் இருக்கிறது. பாவித்த லாப்டொப் வாங்கலாமா? எல்லாரும் திங்க்பாட் திங்க்பாட் என்கிறார்கள். – உயர்தர மாணவன், சாவகச்சேரி

பதில்: வாங்கலாம் தம்பி, அந்தக் காசுக்குப் புதிதாக வருகிற, செலரோன் என்ற மலிவு இன்ரெல் சிப் போட்ட லாப்டொப்பை விட இது நூறு மடங்கு நல்லது. வெளிநாட்டுக் கொம்பனிகள் பாவித்துவிட்டுக் கழிக்கிறவைதான் அநேகம் இங்கே வருகின்றன. லெனோவோவின் திங்க்பாட் டி480, டெல் லற்றிரியூட் 7490, எச்.பி. எலிட்புக் 840 ஜி5, மூன்றும் 14 இஞ்ச், மூன்றிலும் 8ஆம் தலைமுறை இன்ரெல் சிப் கிடைக்கும். 8க்குக் கீழே போகாதீர்கள். வின்டோஸ் 11 அதற்குக் கீழே முறைப்படி ஏறாது, வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. டி480 என்ற அதே பெயரில் 1366 × 768 ரி.என். ஸ்கிரீனும் வந்தது, ஃபுல் எச்.டி. ஐ.பி.எஸ்.ஸும் வந்தது. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஓன் பண்ணி, டிஸ்பிளே செட்டிங்கில் போய், ஆகக் கூடிய ரெசலூஷன் எவ்வளவு என்று உங்கள் கண்ணாலே பாருங்கள். கொம்பனிக்காரர் பாவித்த மெஷின்களில் சிலவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கமுடியாதபடி பிரைவசி ஸ்கிரீன் போட்டிருப்பார்கள். நேரே பார்த்தாலும் ஒரு மாதிரி மங்கல், கொஞ்சம் விலகினால் இருட்டு. இரகசியம் காக்க வேண்டிய வங்கி மனேஜருக்கு அது நல்லது, உங்களுக்கு வேண்டாம்.

முழு ஸ்கிரீனிலும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வெள்ளையில் மஞ்சள் திட்டும் அழுத்தின தழும்பும் தெரியும், கறுப்பில் ஓரத்தால் ஒழுகுகிற வெளிச்சம் தெரியும். ஒரு புள்ளி செத்திருந்தால் பரவாயில்லை, விலையைக் குறைக்கக் கேளுங்கள். பற்றரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: முதலில் இருந்த கொள்ளளவும் இப்போது ஏறுகிற கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பாதிக்குக் கீழே என்றால் பற்றரிக் காசையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பயோஸில், அதாவது வின்டோஸுக்கு முன்னர் ஓடுகிற அடிப்படைச் செட்டிங்கில், பாஸ்வேர்ட் கேட்டால் அந்த லாப்டொப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் இருந்துதான் படிப்பு என்றால் இன்னொரு யோசனை. லாப்டொப் ஸ்கிரீன் சுமாராக இருந்தாலும், பாவித்த 22 அல்லது 24 இஞ்ச் ஃபுல் எச்.டி. மொனிட்டர் ஒன்றை எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்துவிடலாம். கண்ணுக்கு முன்னால் கையெட்டும் தூரத்தில், மேல்விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. கழுத்துவலியும் போகும். கரண்ட் நின்றால் மொனிட்டரும் நிற்கும், லாப்டொப் ஓடும்.

கேள்வி: பிரான்ஸில் இருக்கும் மாமா ஓகஸ்டில் வரும்போது புது லாப்டொப் கொண்டுவருவதாகச் சொல்கிறார். இங்கே வாங்குவதை விட நல்லதா? – மாணவி, பருத்தித்துறை

பதில்: மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள், கையோடு கீபோர்ட் எப்படி என்றும் கேளுங்கள். பிரான்ஸ் கடைகளில் சாதாரணமாக இருப்பது அசெர்ட்டி கீபோர்ட். நமக்குப் பழகின ஏ இருக்கிற இடத்தில் கியூ, இசட் இருக்கிற இடத்தில் டபிள்யூ, எம் வேறொரு மூலையில், எண் அடிக்க ஷிஃப்ட் அழுத்த வேண்டும். வின்டோஸில் மாற்றலாம், ஆனால் அழுத்துகிற எழுத்து ஒன்று, விழுகிற எழுத்து ஒன்று. பாமினி தமிழ்த் தட்டச்சில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவர் என்றால் தப்பிப்பீர்கள். ஜெர்மனி, சுவிஸ் உறவுகளும் கவனிக்க, அங்கேயும் இசட்டும் வையும் இடம் மாறியிருக்கும். லண்டன், கனடா என்றால் இந்தத் தொல்லை குறைவு.

கரண்ட் பிரச்சினை இல்லை. சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் எந்த நாட்டுச் சாமானும் இங்கே ஓடும். பிளக் பொருந்தாவிட்டால் அடப்டர் சொருகி ஆட்டிக்கொண்டிருக்காமல் சுவருக்குப் போகிற வயரை மட்டும் கழற்றி, நம்முடைய மூன்று முள் வயர் ஒன்று வாங்கிப் போடுங்கள். உலோக உடல் லாப்டொப்பில் கை வைக்கும்போது சுள்ளென்று கூசுகிறது என்பவர்கள் பலர் ஏர்த் இல்லாமல் சொருகியிருக்கிறவர்கள்தான்.

வாரன்ரிதான் பெரிய விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுச் சாமானுக்குச் சட்டப்படி 2 வருட உத்தரவாதம் உண்டு, ஆனால் அது விற்ற கடையின் பொறுப்பு, கடை பரீஸில். பருத்தித்துறையில் ஸ்கிரீன் கோடு போட்டால் மாமாவின் அடுத்த விடுமுறை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே மாமா மனம் நோகாமல் காசாகத் தரச் சம்மதித்தால் இங்கேயே வாங்குங்கள். இல்லை, கொண்டுவந்தே தீருவேன் என்றால் மூன்று விஷயம் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: ஐ.பி.எஸ்., 1920 × 1080க்குக் குறையக் கூடாது, வெளிச்சம் 300 நிட்ஸ். 1920 × 1200 கிடைத்தால் இன்னும் நல்லது, உயரம் கூடின ஸ்கிரீன், பிடிஎஃப் பக்கம் கூடத் தெரியும். சூட்கேஸில் போடாமல் கைப்பையில் கொண்டுவரட்டும்.

கேள்வி: நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள், பலன் உண்டா? – ஆசிரியை, மானிப்பாய்

பதில்: அந்தக் காசை ஸ்கிரீனில் போடுங்கள் டீச்சர். 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது அந்தக் கண்ணாடி கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. கண் எரிவதற்குப் பெரிய காரணம் இமைக்க மறப்பது. நிமிடத்துக்கு 15 தடவை அளவில் இமைக்கிற கண், ஸ்கிரீனைப் பார்த்தால் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதற்கு மேலே நம்முடைய புழுக்கத்துக்கு மேசை ஃபானை முகத்துக்கு நேரே வைத்திருப்போம், கண் காய்ந்துபோகும். ஃபானைத் திருப்புங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் எதையாவது 20 செக்கன் பாருங்கள். இரவில் அறை லைற்றை அணைத்துவிட்டு ஸ்கிரீனை மட்டும் எரியவிடாதீர்கள். அதற்குப் பிறகும் எரிந்தால் கண் வைத்தியரிடம் போவதுதான் சரி.

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. உங்கள் ஐ3 கதை எனக்கும் பொருந்துமா? – மாணவன், சுன்னாகம்

பதில்: பொருந்தாது. சொலிட்வேர்க்ஸ், மட்லாப் போன்ற பொறியியல் மென்பொருள் ஓட்டுவதற்கு 16 ஜீ.பி. ராமும் நல்ல ஐ5 அல்லது ரைசன் 5உம் வேண்டும், விண்டோஸ்தான் வேண்டும். இப்போது 8 ஜீ.பி.யோடு வாங்குவதென்றால் ராம் போட வெற்றுச் சொக்கெட் இருக்கிறதா, அல்லது மதர்போர்ட்டோடு ஒட்டியே வருகிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். அவசரப்படாமல் முதல் மாதம் போய் சீனியர்மாரிடம் என்ன மென்பொருள் பாவிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாங்கினால் இன்னும் நல்லது. ஸ்கிரீன் விஷயத்தில் மட்டும் உங்களுக்கும் அதே சட்டம்.

கேள்வி: டச் ஸ்கிரீன் எடுக்கலாமா? – பெயர் வேண்டாம், நல்லூர்

பதில்: பேனையால் எழுதப் போகிறீர்கள் என்றால் எடுங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு மினுக்கமும் விரல் அடையாளமும்தான் கிடைக்கும்.