வாசகர் கேள்வி–பதில்: பனியாற்றுச் சாலையோரப் பகல்நடைகள்

கேள்வி: வரும் ஜூலை இறுதியில், டொராண்டோவில் வாழும் மகள் குடும்பத்துடன் கால்கரிக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து காரில் மேற்குக் கனடாவின் ராக்கி மலைத்தொடரிலுள்ள பான்ஃப், ஜாஸ்பர் தேசியப் பூங்காக்கள் வரை ஒரு வாரம் சுற்ற இருக்கிறோம். எனக்கு வயது 61, கணவருக்கு 66. நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறோம். சதுரகிரிக்கும் ஒருமுறை ஏறியிருக்கிறோம். காலையில் புறப்பட்டு மாலைக்குள் காருக்குத் திரும்பிவிடக்கூடிய நல்ல மலைப்பாதைகள் எவை?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: பான்ஃப் பூங்காவின் லேக் லூயிஸ் என்ற ஏரிப்பகுதியிலிருந்து ஜாஸ்பர் நகர் வரை சுமார் 230 கிலோமீட்டர் நீளும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற சாலையை நிறுத்தாமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். அப்படிக் கடந்துவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். கார்க் கண்ணாடி வழியே பார்க்கும்போது அழகான படம்போல் விலகிப்போகும் அந்த மலைகள், ஒரு மணி நேரம் ஏறிய பிறகே தம் உண்மையான அளவைக் காட்டுகின்றன. ஒரு நாளுக்கு ஒரு நடை என்று வைத்துக்கொண்டு, மூன்று பாதைகளோடு நிறுத்திக்கொண்டாலும் போதும்.

அந்த மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் வில்காக்ஸ் கணவாயைச் சொல்வேன். போய்வரச் சுமார் 8 கிலோமீட்டர். ஏற்றம் 335 மீட்டர் அளவில். தொடக்கத்தில் ஊசியிலைக் காட்டுக்குள் பாதை செங்குத்தாக ஏறுவதால் மூச்சு வாங்கும். அங்கே மனம் தளராமல் மெதுவாக ஏறிவிட்டால், மரங்கள் விலகி, மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரளான அத்தபாஸ்கா பனியாறு முழுவதும் கண்ணெதிரே விரியும். 1896-இல் வால்டர் வில்காக்ஸ் குழுவினர் இவ்வழியே வடக்கே சென்றபோது, அந்தப் பனியாறு பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு கிடந்ததால், அதைச் சுற்றிக் கடக்கவே இந்தக் கணவாயில் ஏறினார்கள். அதன் பிறகு பனியாறு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. அது விட்டுச்சென்ற வெற்று நிலத்தில்தான் இன்று வாகனங்கள் நிற்கின்றன. பனியாற்றின் முகப்பை நோக்கிச் செல்லும் சிறு பாதையில், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். மேலிருந்து ஒருமுறையும் கீழே அந்தப் பலகைகளின் அருகே ஒருமுறையும் பார்த்தால், பனி உருகுவது செய்தித்தாள் செய்தியாக இல்லாமல் உங்கள் கண் கண்ட உண்மையாகிவிடும். கீழே செல்லும்போது தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பனிமேல் கால்வைக்க வேண்டாம். மறைந்திருக்கும் வெடிப்புகளில் விழுந்து உயிரிழந்தோர் உண்டு.

இரண்டாவது, லேக் லூயிஸிலிருந்து லேக் ஆக்னஸ் ஏரிக்கு ஏறும் பாதை. போய்வர 7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏற்றம் ஏறத்தாழ 400 மீட்டர். ஏரி இருப்பது 2,135 மீட்டர் உயரத்தில். அதாவது உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கொடைக்கானலின் உயரத்தில். ரயில் நிறுவனம் 1901-இல் ஒதுங்கிடமாகக் கட்டி, 1905 முதல் தேநீர் வழங்கத் தொடங்கிய கடை அங்கே உண்டு. இன்றும் மின்சாரம் இல்லாத அந்தக் கடைக்குப் பல பொருள்களைப் பணியாளர்களே முதுகில் சுமந்து ஏறுகிறார்கள்.

மூன்றாவதாகிய பார்க்கர் ரிட்ஜ் மிகக் குறுகியது: போய்வர 5 கிலோமீட்டரை ஒட்டி, ஏற்றம் 250 மீட்டர். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் குறுக்கே வெட்டி நடக்காதீர்கள். அங்குள்ள சிறு செடிகள் மிதிபட்டால் மீண்டும் தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். முகட்டில் காற்று கடுமையாக வீசும். ஆனால் சஸ்காட்செவன் பனியாறு நீண்டு கிடக்கும் காட்சி அந்தக் காற்றுக்கு ஈடானது.

சதுரகிரி ஏறிய உங்கள் கால்களுக்கு இவை கடினமானவை அல்ல. குளிர்தான் புதிது. ஜூலையிலும் ஆலங்கட்டி மழை பெய்யலாம் என்பதால், வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராத பருத்தி ஆடையைத் தவிர்த்து, கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகளை அடுக்காக அணிந்து, மேலே மழைச்சட்டை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் இடிமழை வருவது வழக்கம். ஆகவே காலையிலேயே ஏறத் தொடங்குங்கள்.

கேள்வி: அங்கே கரடிகள் உண்டு என்கிறார்கள். சிறு பிள்ளைகளோடு நடப்பது பாதுகாப்பா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, கருங்கரடியும், கிரிஸ்லி என்ற பழுப்புநிறப் பெருங்கரடியும். ஆனால் மனிதர் வருவதை முன்கூட்டியே அறிந்தால் அவை பெரும்பாலும் விலகிவிடும். அதனால் சேர்ந்து நடந்து, உரக்கப் பேசி, வளைவுகளிலும் ஓடைச் சத்தம் கேட்கும் இடங்களிலும் கைதட்டுங்கள். பிள்ளைகளை முன்னே ஓடவிடக் கூடாது. கரடிகளைத் தடுக்கும் மிளகாய்ச்சாறு தெளிப்பானைப் பைக்குள் புதைக்காமல் இடுப்பிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்; அதை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, கால்கரியிலோ பான்ஃபிலோதான் வாங்க வேண்டும். எதிரே கரடியைக் கண்டால் ஓடாதீர்கள்; தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பின்னோக்கி நகருங்கள். சாலையோரத்தில் கண்டாலும் காரை விட்டு இறங்கக் கூடாது. குறைந்தது 100 மீட்டர் தொலைவு காக்க வேண்டும் என்பதே பூங்காவின் அறிவுறுத்தல்.

கேள்வி: மொரெய்ன் ஏரிக்கு எங்கள் காரிலேயே போகலாமா? வழியில் பெட்ரோல் கிடைக்குமா?
— ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: லேக் லூயிஸுக்கு அருகிலுள்ள அந்த ஏரிக்குச் செல்லும் சாலையில் 2023 முதல் சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. முன்பதிவு செய்த பேருந்தில்தான் போக முடியும். கோடையில் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால், விடுதி அறைக்கு முன்பே இதைப் பதிவு செய்வது நல்லது. செப்டம்பர் இறுதியில் உங்களால் போக முடிந்தால், ஏரிக்கு மேலுள்ள லார்ச் பள்ளத்தாக்கில் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாகும் காட்சிக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். கரடி நடமாட்டத்தால் அங்கே குறைந்தது நால்வராகச் சேர்ந்தே செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு சில காலங்களில் விதிக்கப்படுகிறது.

பெட்ரோல், லேக் லூயிஸுக்கும் ஜாஸ்பருக்கும் இடையே சஸ்காட்செவன் ரிவர் கிராசிங் என்ற ஓரிடத்தில் மட்டும், அதுவும் கோடையில், அதிக விலைக்குக் கிடைக்கும். லேக் லூயிஸிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து வடக்கே பெரும்பகுதியில் கைப்பேசிச் சமிக்ஞை இல்லாததால், வரைபடத்தையும் முதல்நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலைக் காட்டுத்தீ ஜாஸ்பர் நகரின் ஒரு பகுதியையும் சுற்றியுள்ள காட்டையும் எரித்தது. அவ்வூரை ஒட்டிய பாதைகளில் நடப்பதற்கு முன் எவை திறந்துள்ளன என்று பூங்காத் தகவல் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.