வாசகர் கேள்வி: எத்தனை நுயென்!

கேள்வி: கார் ஆலை வந்ததிலிருந்து எங்கள் பக்கம் வியட்நாம்காரர்கள் நடமாட்டம் அதிகம். எங்கள் மாடி வீட்டிலும் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் நுயென் என்றே ஆரம்பிக்கிறது. அண்ணன் தம்பிகளா? எப்படிக் கூப்பிடுவது?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை, மூவரும் முதல்முறை சந்தித்ததே உங்கள் ஊரில்தான் என்றாலும் ஆச்சரியமில்லை. வியட்நாமில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு நுயென்தான் குடும்பப் பெயர். ஒரு வம்சம் போய் இன்னொன்று வரும்போதெல்லாம் மக்கள் பெயரை மாற்றிக்கொண்டதும், மாற்ற வைக்கப்பட்டதும் இதற்கு ஒரு பெரிய காரணம். 1225-இல் லீ வம்சத்திடமிருந்து த்ரான் வம்சம் ஆட்சியைப் பிடித்தது, 1232-இல் லீ என்ற பெயருள்ளவர்கள் எல்லாரும் இனி நுயென் என்று உத்தரவு போட்டது. சொன்ன காரணம் என்ன தெரியுமா? அரசருடைய தாத்தாவின் பெயர் த்ரான் லீ, அந்தப் பெயர் ஊரார் வாயில் புழங்கக் கூடாது. பிறகு 1802 முதல் 1945 வரை அரியணையில் இருந்ததும் ஒரு நுயென் வம்சம்தான்.

சரி, கூப்பிடுவதற்கு வருவோம். நுயென் வான் ஹுங் என்று ஒரு பெயர் இருந்தால் நுயென் குடும்பத்துக்கு உரியது, வான் இடைப்பெயர், ஹுங்தான் அவர். ஹுங் என்றால் வீரன். மரியாதையாகக் கூப்பிட்டாலும் ‘மிஸ்டர் ஹுங்’தான். தியன் பியன் பூவில் 1954-இல் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த வோ நுயென் கியாப்பை உலகமே ஜெனரல் கியாப் என்றது, ஜெனரல் வோ என்று சொல்லவில்லை. நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை, இனிஷியல் அப்பாவுடையது, பெயர் நம்முடையது. வெளிநாட்டு அலுவலகத்தில் யாராவது நம்மை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

பழகிய பிறகு வெறும் பெயரும் போதாது. உங்களைவிட மூத்தவர் என்றால் ‘ஆன் ஹுங்’, அதாவது ஹுங் அண்ணன். இளையவர் என்றால் ‘எம்’. ‘நான்’, ‘நீ’ என்று சொல்லும் இடத்திலும் பெரும்பாலும் இந்த உறவுச் சொற்களையே வைத்துப் பேசுவார்கள், அதனால்தான் புதிதாகப் பார்க்கிறவரிடம் சீக்கிரமே வயதைக் கேட்டுவிடுகிறார்கள். உங்களிடம் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என்னுடன் வேலை பார்க்கும் வியட்நாம் தோழி மாசமாக இருக்கிறாள். “பையன் பிறந்தால் தாத்தா பேர்தானே?” என்று ஆசையாகக் கேட்டேன். அவள் முகமே மாறிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்கள் கேட்டது நம் வழக்கப்படி பாசமான கேள்வி. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே பெயரன், அதுதானே பேரன் ஆனது! ஆனால் அவர்கள் வழக்கம் இதற்கு நேர் எதிர். தாத்தா பாட்டி பெயரைக் குழந்தைக்கு வைத்தால், குழந்தையை அதட்டும்போதெல்லாம் பெரியவரைப் பெயர் சொல்லி அதட்டியது போல ஆகிவிடும். அதனால் பெயர் வைக்கும் முன் இரண்டு பக்கத்து முன்னோர் பெயர்களையும் விசாரித்து, அவற்றைத் தவிர்க்கிறார்கள். மேலே சொன்ன த்ரான் அரசரின் உத்தரவும் இதே வழக்கத்தைச் சொல்லித்தான் வந்தது. வடக்கே ஹொவாங் என்று இருக்கும் குடும்பப் பெயர் தெற்கே ஹுயின் என்று மாறியதும், 1558-இல் தெற்கே ஆளப்போன நுயென் ஹொவாங் என்ற தலைவரின் பெயரை உச்சரிக்காமல் இருக்கத்தான்.

ஒத்துப்போகிற வழக்கமும் ஒன்று உண்டு. பிள்ளை தங்க வேண்டும் என்று நம் பாட்டிகள் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்தார்கள் அல்லவா, அங்கேயும் அழகான பெயர் கெட்ட ஆவிகளின் கண்ணில் படும் என்று பயந்து குழந்தையை வீட்டில் மட்டமான பெயரால் கூப்பிடுவார்கள். இன்றைக்கு அந்தப் பயம் குறைந்துவிட்டது, ஆனால் நாய்க்குட்டி, இறால் என்றெல்லாம் செல்லப்பெயர்கள் வீடுகளில் இருக்கின்றன. தோழியிடம் அடுத்த முறை, அவளைச் சின்ன வயதில் வீட்டில் என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே பேரன் கதையையும் சொல்லுங்கள், நீங்கள் எதனால் கேட்டீர்கள் என்று அவளுக்கும் புரியும்.