வேலையில் இருந்துகொண்டே பி.எட். படிக்கலாமா?

கேள்வி: பொறியியல் பட்டதாரியான நான் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். கணித ஆசிரியராக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் பி.எட். முடிக்க இயலுமா? வகுப்புக்கே வராமல் வெளிமாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் தருவதாக முகவர் ஒருவர் கூறுகிறார். அதை ஏற்கலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முகவரின் பேச்சைத் தயவுசெய்து நம்பாதீர்கள். பி.எட். என்பது தேர்வெழுதி முடித்துவிடும் படிப்பன்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது ஈராண்டுப் படிப்பு. அதில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். பாடக்குறிப்பு எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கி, அவர் கடைசி பெஞ்சில் அமர்ந்து கவனிக்க, எட்டாம் வகுப்புக்குப் பின்னங்களை விளக்கும் அந்த வாரங்களில்தான் ஒருவர் ஆசிரியராகிறார். அதைத் தவிர்த்துப் பெறும் பட்டம் உங்களுக்கும் பயன்படாது, உங்களிடம் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் பயன்படாது. அரசுப் பணி கிடைத்தாலும், உண்மைத்தன்மைச் சான்று கோரிச் சான்றிதழ்கள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படும்போது சிக்கல் எழும்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் முறையான தொலைநிலை பி.எட். நடத்துகின்றன. ஆனால் அது, பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும், ஆசிரியர் பயிற்சிப் படிப்பொன்றை ஏற்கெனவே நேரடி முறையில் முடித்தவர்களுக்கும் உரியது. இவ்விரண்டிலும் நீங்கள் அடங்கவில்லை என்பதால், கல்லூரிக்கு நேரில் சென்று படிப்பதே உங்களுக்குள்ள வழி. பொறியியல் பட்டதாரிகள் பி.எட். சேரலாம், குழும விதி 55 விழுக்காடு மதிப்பெண் கேட்கிறது, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. சேருமுன் அந்தக் கல்லூரிக்குக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

பி.எட். முடித்த பொறியியல் பட்டதாரிகள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கணித ஆசிரியராகும் வகையில், ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளை எழுதத் தமிழக அரசு 2019-இல் வழி செய்தது. 150 மதிப்பெண்ணுக்கான அத்தாளில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. எஞ்சியவை குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு உரியவை. பொறியியல் படித்த பலர் தடுமாறுவது இங்கேதான் என்பது என் கருத்து. தேர்ச்சிச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். எனினும் அதுவே பணி ஆணை ஆகாது; அரசுப் பணிக்குத் தனியே போட்டித் தேர்வு உண்டு.

ஆகவே இப்போதே வேலையை விட வேண்டாம். ஈராண்டுச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டு கல்லூரியில் சேருங்கள்.

கேள்வி: பி.எட். முடித்துள்ளேன். ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கவே விரும்புகிறேன். தகுதி உண்டா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை ஈராண்டு படித்துவிட்டு, தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதுங்கள்.